உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் சிறப்புத் துணுக்குகள்

● நம் நாட்றம்பள்ளி மாதிரி ஊரில் பள்ளிக்கூடம், கடைத்தெரு, தாலுகா ஆபீஸ் எல்லாமே சைக்கிளுக்கு எட்டும் தூரம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நிதானமாக மிதித்தாலே 3 கி.மீ. தூரத்தை 12 நிமிடத்தில் கடந்துவிடலாம்.

● அந்தத் தூரம் போக, வர 24 நிமிடம். வாரத்தில் ஆறு நாள் மிதித்தால் 144 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உடற்பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். வேலைக்குப் போய் வருவதிலேயே அது ஏறக்குறைய முடிந்துவிடுகிறது!

● பிரிட்டனில் இரண்டரை லட்சம் பேரைக் கவனித்த கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2017இல் வெளியானது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 46 சதவீதமும், புற்றுநோய் வாய்ப்பு 45 சதவீதமும் குறைவாக இருந்தன.

● ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. எரிந்தபின் வரும் கரியமில வாயுவோ சுமார் 2.3 கிலோ! காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதே காரணம். லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் பைக்கில் தினம் 5 கி.மீ. போகிறவர், சைக்கிளுக்கு மாறினால் வருடத்துக்குச் சுமார் 36 லிட்டர் மிச்சம். கரியமில வாயு 80 கிலோவுக்கு மேல் குறையும்.

● 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பி வாங்கினார்கள். முன்பக்கப் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே!

● தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2006இல் பீகாரும் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆய்வின்படி, அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது.

● 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. அவற்றில் பல சென்னை அம்பத்தூரில் பிறந்தவை. டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கே 1949இல் தொடங்கப்பட்ட நிறுவனம்.

● தோலுக்குப் பேர்போன நம் வட்டாரத்துக்கு ஒரு செய்தி: அந்தக் காலத்துச் சைக்கிள் சீட் கெட்டியான மாட்டுத்தோல். ஓட்ட ஓட்ட, ஓட்டுகிறவர் உடம்புக்கேற்ப அது படிந்துகொள்ளும்.

● ஜூன் 3 உலக சைக்கிள் தினம். ஐ.நா. 2018இல் அறிவித்தது.

● சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊர் வழியே போகிறது. லாரிகள் பறக்கும் அந்தச் சாலையைத் தவிர்த்து சர்வீஸ் ரோட்டில் போங்கள். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். சைக்கிளுக்கென்று தனிப்பாதை வேண்டும் என்று கிராம சபையிலும் பேரூராட்சியிலும் கேளுங்கள். தினமும் மிதிக்கிற பிள்ளைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் அது உரிமை.