பீரும் அதன் பெயர்களும்

நமது சங்க இதழில் பீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளித்தல் கூடும். எழுதுகின்ற நானும் குடிப்பவன் அல்லேன். இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். ஆயினும் இதனை எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

என் தமக்கையின் மகன் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து என் இல்லத்தில் தங்கியிருக்கிறான். இந்திரா நகரில், தானே பீர் காய்ச்சி விற்கும் விடுதி ஒன்றில் பரிமாறும் வேலை கிடைத்தது. என் தமக்கைக்கு இவ்வேலையில் சிறிதும் விருப்பமில்லை. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன். சேர்ந்த பத்தாம் நாள் இரவு அவன் ஒரு விலைப்பட்டியலை என் முன் விரித்தான். லாகர், ஏல், ஸ்டௌட், வைசன், ஐ.பி.ஏ. என்று வரிசையாகப் பெயர்கள்.

"மாமா, இந்தக் கோதுமை பீரில் வாழைப்பழ மணம் வருகிறதே, பழம் கலப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மேலாளர் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அடுத்த வாரம் தேர்வு வைக்கிறார்களாம்" என்றான்.

பிழைக்க வந்த ஊரில் பிள்ளையின் வேலை போய்விடக்கூடாதே என்று நானும் அவனுடன் அமர்ந்து படிக்கலானேன்.

பீருக்கு வேண்டியவை நான்கே: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட் என்றதும் மருள வேண்டா. நம் வீடுகளில் கேழ்வரகை நனைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோமே, அந்த ராகி மால்ட்டில் உள்ள மால்ட்தான் இதுவும். இங்கே தானியம் பார்லி, அவ்வளவே. முளைவிட்ட தானியத்தை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அவ்வினிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைப்பர். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. இரசத்துக்கு வேப்பம்பூ எப்படியோ, பீருக்கு ஹாப்ஸ் அப்படி: கசப்பும் தரும், மணமும் தரும்; விரைவில் கெடாமலும் காக்கும். ஆறிய நீரில் ஈஸ்ட் இட்டால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். 1516இல் பவேரியாவில் பிறந்த ஆணை ஒன்று, பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இவற்றையன்றி வேறெதுவும் பீரில் சேர்தல் ஆகாது என்றது. ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர் என்பதை அந்நாளில் எவரும் அறிந்திலர்.

இனி, பெயர்கள். பீர்கள் ஏல், லாகர் என்று இரு பெருங்குடிகளாகப் பிரியும். இப்பிரிவு நிறத்தால் வந்ததன்று, போதையால் வந்ததுமன்று. ஈஸ்ட்டின் இனத்தாலும் புளிக்கவைக்கும் வெப்பத்தாலும் வந்தது. வேலூர்ப் பக்கத்து வெயிலில் இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்கி வழியும். பெங்களூர் மார்கழியிலோ விடிந்த பின்பும் அசையாமல் கிடக்கும். இதை அறியாத தாய்மார் நம்மிடையே இலர். ஏல் முதல் வகை. ஏறத்தாழ 15 முதல் 22 பாகை வெப்பத்தில் சில நாட்களில் புளித்துவிடும். பழ வாடையும் பிறக்கும். லாகர் இரண்டாம் வகை. 8 முதல் 12 பாகைக் குளிரில் மெல்லப் புளித்து, அதன்பின் பல வாரங்கள் இன்னும் கடுங்குளிரில் கிடந்து தெளியும். லாகர் என்னும் செருமன் சொல்லுக்கே கிடங்கு என்று பொருள். கிடங்குக் கணக்கே என் பிழைப்பாதலின் இச்சொல் எனக்கு உடனே பிடித்துவிட்டது. 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசப் குரோல் என்பார் வெளிறிய மால்ட்டைக் கொண்டு பொன்னிற லாகர் ஒன்றைக் காய்ச்சினார். அதுவே பில்ஸ்னர். நம் நாட்டுக் கடைகளில் புட்டியில் விற்பனவற்றுள் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

வைசன் என்பது கோதுமை மிகுதியாகச் சேர்த்த ஏல். அதில் வாழைப்பழமும் இல்லை, இலவங்கமும் இல்லை. அவ்விரு மணங்களையும் ஈஸ்ட்டே உண்டாக்குகிறது. பையன் இடறி விழுந்த இடம் இதுதான். பெல்ஜியத்துக் கோதுமை பீரிலோ மெய்யாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இடுகிறார்கள்!

போர்ட்டர் என்ற பெயரைக் கண்டதும் நான் சிரித்துவிட்டேன். நம் நிலையத்துப் போர்ட்டரேதான். பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் சுமை தூக்குவோர் விரும்பிக் குடித்த கருநிற பீர் ஆதலின் அப்பெயர் பெற்றது. அதனுள் கடுமையானதை ஸ்டௌட் போர்ட்டர் என்றனர். நாளடைவில் ஸ்டௌட் மட்டும் நின்றது. காப்பிக்கொட்டையைப் போல் தானியத்தைக் கருக வறுப்பதால் வந்த நிறம் அது. கறுப்பைக் கண்டு கடுமை என்று நினைத்தல் தவறு. பேர்பெற்ற கின்னஸ் ஸ்டௌட்டின் பீப்பாய் வகையில் ஆல்கஹால் நூற்றுக்கு 4.2 பங்குதான்.

ஐ.பி.ஏ. என்பதில் முதலெழுத்து இந்தியாவைக் குறிப்பது. ஆங்கிலேயர் தம்மவருக்காகக் கப்பலில் அனுப்பிய வெளிர்நிற ஏல் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றி வரப் பல மாதங்கள் ஆகும். கெடாதிருக்க ஹாப்ஸை மிகுதியாக இட்டனர். இலண்டன் போ ஆலையின் ஹாட்ஜ்சன் அதனைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பது கதை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்டுவது அவருக்கு முன்னரே வழக்கில் இருந்ததென ஆய்ந்தோர் கூறுவர்.

பெங்களூருக்குப் பீர் வந்ததும் படையினரால்தான். 1809இல் இங்கே தண்டு ஏற்பட்டது. நம்மவரின் முன்னோர் பலர் அதனை ஒட்டி வந்து குடியேறியவர்களே. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டு ஆலைகள் ஐந்தினை இணைத்து யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தார். மாட்டு வண்டிகளில் பெரும் பீப்பாய்கள் படையினருக்குச் சென்றன. விட்டல் மல்லையா 1947இல் அதன் முதல் இந்திய இயக்குநரானார். 2021இல் அது ஹைனெகன் வசமாயிற்று. மருமகன் வேலை செய்வது போன்ற சிறு ஆலை விடுதிகள் இந்நகரில் 2010ஐ ஒட்டித் தோன்றியவை.

இனி, பட்டியலில் இல்லாத ஒரு சொல்: ஸ்ட்ராங். நம் மக்கள் கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். இது ஒரு வகையே அன்று; அளவு. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதிப்படி, நூற்றுக்கு 5 பங்கு வரை ஆல்கஹால் இருப்பது மைல்ட். 5க்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். சீட்டில் ஏ.பி.வி. என்று அச்சிட்டிருப்பது இவ்வெண்ணையே. பையனுக்கு இதனை விளக்கக் கணக்கு ஒன்று போட்டேன். 650 மில்லி புட்டி, 8 பங்கு என்றால் உள்ளே தனி ஆல்கஹால் 52 மில்லி. 42.8 பங்குள்ள பிராந்தியில் 60 மில்லி ஊற்றினால் ஏறத்தாழ 26 மில்லி. ஆக, ஒரு புட்டி ஸ்ட்ராங் பீர் இரண்டு பெரிய பெக் பிராந்திக்கு நிகர்.

எழுதிய பென்சில் அப்படியே நின்றுவிட்டது. என் அத்தான், இப்பையனின் தந்தை, கொத்து வேலை செய்தவர். பல்லாண்டுகள் நாள்தோறும் மாலையில் இரண்டு புட்டி ஸ்ட்ராங். பிராந்தியைத் தொட்டவர் அல்லர். அதனைப் பெருமையாகவும் சொல்வார். அக்காள் அழும்போதெல்லாம், "பீர்தானே அக்கா, போகட்டும் விடு" என்று தேற்றியவன் நான். ஈரல் கெட்டு, நாற்பத்தேழாம் வயதில் மறைந்தார். நாளைக்கு நான்கு பெக்!

அந்த வாரம் அக்காளும் வந்திருந்தாள். கதவோரம் நின்று கேட்டவள், தாளை வாங்கி எண்களை நெடுநேரம் பார்த்தாள். "இதை யாராவது அப்போதே எழுதிக் காட்டியிருக்கலாம்" என்றாள். பிறகு சோறு போட எழுந்து போனாள்.

மருமகன் தேர்வில் தேறிவிட்டான். 'லேசானது எது தம்பி' என்று கேட்போர் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தையே சுட்டுகிறார்களாம். அவன் பட்டியலில் உள்ள எண்ணைக் காட்டுகிறானாம். வேலைக்கு இன்னும் அவள் முழு மனத்தோடு இசையவில்லை. ஆனால், ஊருக்குத் திரும்பும்போது அந்தத் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் தெருவில் காட்ட வேண்டியவர்கள் இருக்கிறார்களாம்.