இயற்கை அரிசி வாங்கப் போகிறீர்களா?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அங்குள்ள நெற்களஞ்சியத்தையும் பார்க்கத் தவறக் கூடாது. உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம் இருக்க, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டது. அத்தனை காலம் தாக்குப் பிடிக்கப் பீரங்கி மட்டும் போதுமா? நெல்லும் வேண்டுமல்லவா?

இன்றும் செஞ்சி நெல்லுக்குப் பேர்போன ஊர்தான். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைகள் மலை மலையாகக் குவியும். ஆனால் இப்படிப்பட்ட நெல் பூமியிலும் "ரசாயனம் போடாத அரிசி" என்று தனியாகக் கேட்டு வாங்கும் காலம் வந்துவிட்டது. விலையும் கூடுதல். கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

மூன்றும் ஒன்றல்ல

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்பவை நெல்லின் ரகங்கள். பாரம்பரிய ரகத்துக்கும் யூரியா போடலாம். கைக்குத்தல் என்பது தவிடு போகாத அரிசி; அது எந்த வயலில் விளைந்ததாகவும் இருக்கலாம். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்தது எதுவோ, அதுதான் இயற்கை விளைச்சல். மரச்செக்கு எண்ணெயும் அப்படியே. எப்படி ஆட்டினார்கள் என்பதைத்தான் செக்கு சொல்லும். நிலக்கடலை எப்படி விளைந்தது என்பதைச் சொல்லாது.

"வண்டு இருந்தால் மருந்தடிக்காத அரிசி" என்று சிலர் நம்புகிறார்கள். வண்டு எந்த அரிசியிலும் விழும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது.

விவசாயியின் பாடு

ரசாயனத்தை விட்ட மறுநாளே நிலத்துக்குச் சான்று கிடைத்துவிடாது. நெல் போன்ற பயிர்களுக்குப் பொதுவாக 2 ஆண்டுகளும், தென்னை, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டுகளும் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையலாம். ஆனால் இயற்கை விளைபொருள் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்க முடியாது. நாம் பின்னால் கொடுக்கும் அதிகப்படி ரூபாய் அந்தப் பொறுமைக்கான கூலி. போலிச் சரக்கு விற்பவர் நம்மை மட்டுமா ஏமாற்றுகிறார்? அந்த விவசாயியின் கூலியையும் அல்லவா பறிக்கிறார்!

என்ன கேட்பது?

இயற்கை உணவுக்கென்று 2017-ல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிகள் வகுத்தது. அதன்படி பொட்டலத்தில் சான்று முத்திரை உண்டா என்று முதலில் பாருங்கள். தன் வயலில் விளைந்ததைத் தானே நேரில் விற்கும் சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை. அவரிடம் எந்த ஊர் வயல், என்ன எரு, எப்போது அறுத்தது என்று கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் வயலுக்கே போய்ப் பாருங்கள்.

கேள்வி கேட்பவரைக் கண்டு நாணயமான வியாபாரி முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!