ஒரே அட்டையில் இரண்டு தேதிகள்

மனநலப் புறநோயாளிப் பிரிவின் வாசலில் காத்திருப்போர் சிலரிடம் இருவகைத் தாள்கள் இருக்கும். ஒன்று மருத்துவர் எழுதிய சீட்டு; மற்றொன்று வழக்கு எண் குறித்த தாள். முதலாவதை எங்களிடம் உடனே நீட்டுவர். இரண்டாவதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வர்; கேட்டாலும் காட்டத் தயங்குவர். மருத்துவமனையில் வழக்கைப் பற்றிப் பேசினால் மதிப்புக் குறைந்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அந்த இரண்டாவது தாளைப் பற்றி இவ்விதழில் உங்களோடு பேச விரும்புகிறோம். அதைக் காட்டாமல் மறைப்பதால் சிகிச்சையும் கெடுகிறது, வழக்கும் கெடுகிறது.

வேப்பூருக்கு அருகில் ஒரு சிற்றூரை எண்ணிக்கொள்வோம். அங்கு வாழும் இளைஞர் ஒருவர் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு அச்சு வார்க்கும் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து உட்கொண்டு வருபவர். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்துகிறார். உறக்கம் கெடுகிறது, ஊரார் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்னும் எண்ணம் வலுக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தைக்குக் கூட்டம் திரண்டிருக்கும் வேளையில், ஒரு கடையின் கண்ணாடியை உடைத்துவிடுகிறார். தடுக்க வந்தவருக்குக் கையில் காயம் ஏற்படுகிறது. கடைக்காரரின் இழப்பும் உண்மை. காயம்பட்டவரின் வலியும் உண்மை. வழக்குப் பதிவாகிறது. அன்றிரவு அந்த இளைஞரின் தாய்க்கு எழும் கேள்வி ஒன்றே: “என் பிள்ளைக்கு இன்றைக்கு மாத்திரையை யார் கொடுப்பார்?”

இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே மருத்துவச் சமூகப் பணி. குற்றம் நடந்ததா, இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். தீர்ப்பு வரும்வரை அந்த மனிதர் எங்கே இருக்க வேண்டும், யார் துணையோடு இருக்க வேண்டும், மருந்து எப்படித் தொடர வேண்டும் என்பவை நாங்கள் விடை தேட வேண்டிய கேள்விகள்.

தீர்ப்புக்கு முன்பே கழியும் காலம்

2022ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர் என்பதே இதன் பொருள். வழக்கமான மருத்துவரைப் பிரிந்து, அறியாத இடத்தில், உறக்கமின்றிக் கழியும் நாள்கள் மனநோய் உடையவரின் நோயைப் பெருக்கும். நோய் பெருகினால் தம் வழக்கறிஞரிடம் நடந்ததைச் சொல்லவும் அவரால் இயலாது. வழக்கு மேலும் நீளும்.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அசாம் மாநிலத்தின் மச்சாங் லாலுங் ஒருவரே சான்று. 1951ஆம் ஆண்டு இளைஞராகக் கைதான அவர் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் நலமாக இருக்கிறார் என்று மருத்துவர்கள் சான்று அளித்தனர். ஆயினும் வழக்கு நடக்கவில்லை. அவர் வீடு திரும்பவும் இல்லை. 54 ஆண்டுகளுக்குப் பின், 2005இல், ஒரு ரூபாய்ப் பிணைப் பத்திரத்தில் விடுவிக்கப்பட்டார். அப்போது அவர் முதியவர். மருத்துவரின் சான்று இருந்தது. அதை நீதிமன்றத்திற்கு எடுத்துச் சென்று, வீட்டாரைத் தேடி, இரண்டையும் இணைக்க ஒருவர் இல்லை. அந்த இணைப்பு வேலையையே சமூகப் பணியாளர் செய்கிறார்.

சட்டம் திறந்து வைத்துள்ள வழி

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369ஆம் பிரிவைக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 330ஆம் பிரிவாக இருந்தது. மனநோயின் காரணமாகத் தம் வழக்கில் எதிர்வாதம் செய்ய இயலாத நிலையில் ஒருவர் உள்ளார் என்று நீதிமன்றம் கண்டால், பிணையில் விடக்கூடிய குற்றமாயினும் அல்லாததாயினும், அவரைப் பிணையில் விட உத்தரவிட இப்பிரிவு இடமளிக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. அவருக்கு உள்நோயாளிச் சிகிச்சை கட்டாயமாகத் தேவைப்படக் கூடாது. அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர்ந்து புறநோயாளிச் சிகிச்சை பெறச் செய்வதாகவும், அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகவும் உறவினரோ நண்பரோ உறுதி அளிக்க வேண்டும். அத்தகைய உறுதி கிடைக்காவிடில், தொடர்ந்து மனநலச் சிகிச்சை அளிக்கக்கூடிய இடத்தில் அவரை வைக்குமாறு நீதிமன்றம் ஆணையிடும்.

எதிர்வாதம் செய்யும் தெளிவு உள்ளவர்களுக்கு இப்பிரிவு பொருந்தாது. அவர்கள் வழக்கமான முறையில் பிணை கேட்கலாம். பிணையில் விட முடியாத குற்றமாயினும், குற்றம் சாட்டப்பட்டவர் நோயுற்றவராயின் அதைக் கருத்தில் கொண்டு பிணை வழங்க 480ஆம் பிரிவு இடமளிக்கிறது. இரு வழிகளிலும் நீதிபதியின் முன் எழும் கேள்வி ஒன்றே: இவர் வெளியே சென்றால் யார் பார்த்துக்கொள்வார், எங்கே சிகிச்சை பெறுவார், அடுத்த வாய்தாவுக்கு வருவாரா?

ஏழையின் வேர்களை எழுதிக் காட்டுதல்

இக்கேள்விக்குப் பணத்தால் விடை சொல்வது பழைய வழக்கம். 1978இல் மோத்தி ராம் என்னும் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. அவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டிருந்தது. வேறு மாவட்டத்தில் வாழும் அவருடைய சகோதரரின் பிணையைக் கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைத் தவறு என்று கண்டு, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பத்திரத்தில் அவரை விடுவிக்க உத்தரவிட்டார்.

பணத்திற்குப் பதிலாக எதை வைத்து முடிவு செய்வது? 1961இல் நியூயார்க் நகரில் தொடங்கிய மன்ஹாட்டன் பிணைத் திட்டம் இதற்கு ஒரு விடை கண்டது. கைதானவரிடம் எத்தனை ஆண்டுகளாக இவ்வூரில் இருக்கிறீர்கள், யாரோடு வாழ்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, விடைகளைச் சரிபார்த்து, நீதிபதியிடம் அளித்தனர். ஊரில் வேர் உள்ளவர் ஓடமாட்டார் என்பதே அதன் அடிப்படை. நம் நாட்டில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘பிரயாஸ்’ திட்டம் 1990 முதல் மும்பையில் காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் சமூகப் பணியாளர்களைக் கொண்டு செயல்பட்டு வருகிறது.

2023 சனவரி 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய நெறிமுறைகள் இவ்வழியை மேலும் தெளிவாக்கின. பிணை கிடைத்தும் 7 நாள்களுக்குள் ஒருவர் சிறையிலிருந்து வெளிவராவிடில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்குத் தெரிவிக்க வேண்டும். அவருடைய சமூக, பொருளாதார நிலை குறித்து நன்னடத்தை அலுவலரோ சட்டத் தன்னார்வலரோ அறிக்கை தயாரிக்கலாம். நிபந்தனைகளைத் தளர்த்துமாறு அதைக் காட்டி நீதிமன்றத்தைக் கேட்கலாம். வரி ரசீது வைத்துள்ள பிணையாளைத் தேடி அலையும் குடும்பத்திற்கு இந்நெறிமுறை பெருந்துணை.

சமூகப் பணியாளர் செய்வது என்ன?

மேலே சொன்ன தாய் எங்களிடம் வந்தால், நாங்கள் முதலில் கேட்பது குற்றத்தைப் பற்றியன்று. எப்போது உறக்கம் கெட்டது, எந்த மருந்து நின்றது, ஏன் நின்றது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இரவில் யார் விழித்திருப்பார், மது அருந்தும் பழக்கம் உண்டா என்று கேட்போம். பிறகு பட்டறை உரிமையாளர் மீண்டும் வேலை தருவாரா என்று, குடும்பத்தின் இசைவோடு விசாரிப்போம். இவற்றிலிருந்து ஒரு திட்டம் உருவாகும்: சிகிச்சைக்கு வரும் நாள், மருந்து தருபவர், நிலை மோசமானால் அழைக்க வேண்டியவர், வேலை. வழக்கறிஞர் கேட்டால் இத்திட்டத்தைக் கடிதமாகத் தருவோம். நீதிபதி அதை ஏற்கவும் கூடும், ஏற்காமலும் போகலாம். நடக்க இயலாததை நாங்கள் எழுதுவதில்லை. இரவில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் இல்லை என்றே எழுதுவோம்; அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதையும் எழுதுவோம்.

“இங்கே சொல்வதெல்லாம் காவல்துறைக்குப் போய்விடுமா?” என்று பலர் அஞ்சுகின்றனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை வழங்குகிறது. பிறருக்குத் தீங்கு நேரும் ஆபத்து, தகுதியுள்ள அமைப்பின் ஆணை முதலிய விதிவிலக்குகளையும் அச்சட்டமே குறித்துள்ளது. எதை வெளியே சொல்ல நேரும், எதைச் சொல்லமாட்டோம் என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்கிவிடுவது எங்கள் கடமை.

உறுதி அளிப்பவரின் சுமை

இக்கட்டுரையில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுவே. “பிறருக்குத் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்திடுபவர், பெரும்பாலும் ஒரு தாயோ மனைவியோ வயது முதிர்ந்த தந்தையோ ஆவார். சட்டம் ஒரு வரியில் கேட்பதை அவர் நாள்தோறும், இரவும் பகலும் செய்தாக வேண்டும். களையெடுக்கப் போகாமல் வீட்டிலேயே இருந்தால் கூலி போகும். போனால் மனம் பதறும். அவர் தளர்ந்தால் திட்டம் முழுவதும் தளரும். ஆதலால் கையெழுத்திடுவதற்கு முன் எங்களிடம் வாருங்கள். “என்னால் இவ்வளவுதான் முடியும்” என்று சொல்வதில் வெட்கம் ஏதுமில்லை. அண்ணன், சித்தப்பா, அண்டை வீட்டார் என்று சுமையைப் பகிர்ந்துகொள்ள யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்தே தேடுவோம்.

எளிய ஒரு வழக்கத்தை எல்லாக் குடும்பங்களுக்கும் பரிந்துரைக்கின்றோம். ஒரே அட்டையில் அடுத்த சிகிச்சைத் தேதியையும் அடுத்த வாய்தாத் தேதியையும் எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிகிச்சை நாளை மாற்றித் தருவோம். வாய்தாவைத் தவறவிட்டால் பிடியாணை வரக்கூடும். உடல்நிலை காரணமாகப் போக இயலாவிடில், அன்று காலையிலேயே வழக்கறிஞருக்குத் தெரிவித்து, மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டியவை

கைது நடந்தவுடன் நோயைப் பற்றிச் சொல்லுங்கள். கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்பதும், 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும் சட்டம். அவ்விரு இடங்களிலும் பழைய மருந்துச் சீட்டின் படி உதவும். மூலச் சீட்டை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றக் காவலில் கடலூர் மத்திய சிறைக்கோ வேறு சிறைக்கோ அனுப்பப்பட்டால், மருந்தின் பெயரும் அளவும் சிறை மருத்துவருக்குச் சென்றடைய வழக்கறிஞர் வழியாக ஏற்பாடு செய்யுங்கள்.

வழக்கறிஞரை அமர்த்தப் பணம் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். காவலில் உள்ளோர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உடையவர்கள். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை நேரில் அணுகலாம். 15100 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். இரவில் மனநலம் தொடர்பாக உதவி தேவைப்பட்டால் 14416 என்னும் எண் எந்நேரமும் இயங்கும்.

கடைக்காரரையும் காயம்பட்டவரையும் மறந்துவிட வேண்டா. நோய் காரணமாயிற்று என்பது அவர்களுடைய இழப்பை இல்லாததாக்கிவிடாது. ஆயினும் வழக்கு நடக்கும்போது அவர்களை நேரில் சென்று பார்ப்பது சாட்சியை அச்சுறுத்தியதாகக் கருதப்படக்கூடும்; வழக்கறிஞரிடம் கேட்டே எதையும் செய்யுங்கள். சிகிச்சை தொடர்ந்து, அதே கடைத்தெருவில் அந்த இளைஞர் அமைதியாக நடந்து செல்வது அவர்களுக்கும் பாதுகாப்பு.

அடுத்த முறை வரும்போது, மடித்து வைத்துள்ள அந்த இரண்டாவது தாளையும் எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல அதையும் உங்களோடு அமர்ந்து படிப்போம்.