நண்பர் விலையும் சந்தை விலையும்

தபால்தலை சேர்ப்போர் நம் விடுதியிலும் சிலர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்பங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, தம்மிடம் இரண்டாக இருப்பதைத் தந்து இல்லாததைப் பெறுவார்கள். சில சமயம் விலைக்கும் கொடுப்பதுண்டு. அந்த விலை பெரும்பாலும் கடை விலையினும் குறைவாகவே இருக்கும். அவ்வாறு மலிவாகப் பெற்றதைப் பின்னர் அதிக விலைக்கு விற்கலாமா?

“காசு கொடுத்து வாங்கினேன், இனி அது என் பொருள்” என்பர் சிலர். சட்டம் அவர்கள் பக்கமே. ஆயினும் சட்டம் ஒப்புவதையெல்லாம் நட்பு ஒப்புவதில்லை அன்றோ? முதலில் ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

தென் அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் கயானா எனப்பட்ட நாட்டில் 1856ஆம் ஆண்டு ஒரு சென்ட் தபால்தலை ஒன்று வெளிவந்தது. 1873இல் வெர்னன் வான் என்னும் 12 வயதுச் சிறுவன் வீட்டுப் பழைய காகிதங்களிடையே அதில் ஒன்றைக் கண்டெடுத்தான். அந்நாட்டிலேயே வாழ்ந்த சேகரிப்பாளர் நீல் மக்கினன் அதை 6 ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டார். 1878இல் அவருடைய தொகுப்பு முழுவதும் 120 பவுனுக்கு லிவர்பூல் நகரத்துத் தாமஸ் ரிட்பாத்திடம் சென்றது. அந்த ஒரு தலையே 2014இல் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று!

மக்கினன் சிறுவனை ஏமாற்றினாரா? இல்லை என்பேன். அத்தகைய தலை வேறொன்று கிடைக்கப்போவதில்லை என்பதை அன்று இருவருமே அறியார். இருவரும் அறியாத மதிப்பு பிற்காலத்தில் வெளிப்பட்டால், அந்த ஆதாயத்தில் குற்றமில்லை.

ஒருவர் அறிந்து, மற்றவர் அறியாதிருந்தால் நிலைமை வேறு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைகளை எடுத்துக்கொள்வோம். 1911 முதல் வந்தவற்றின் தாளில் ஒற்றை நட்சத்திர நீர்க்குறி இருக்கும்; 1926 முதல் நாசிக்கில் அச்சானவற்றில் பல நட்சத்திரங்கள் இருக்கும். முகப்பில் படம் ஒன்றே. கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து இரண்டு சொட்டு பென்சின் விட்டால்தான் வேற்றுமை புலப்படும். விலைப் பட்டியலோ இவ்விரண்டையும் வெவ்வேறாகவே கணக்கிடுகிறது. முதலாண்டு மாணவன் ஒருவன் அரிய வகையைச் சாதாரண வகையென எண்ணி நீட்டும்போது, அறிந்தவன் வாய்மூடி வாங்குவது வஞ்சனையே. கடைக்காரரின் பெட்டியில் அதைக் கண்டெடுத்தால் அது நம் திறமை. அறிந்து விற்பது அவர் தொழில். தோழனிடம் அந்த நியாயம் செல்லாது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகள் நினைவாக நான்கு தலைகள் வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. படிப்பு முடித்து ஊர் திரும்பிய மூத்த மாணவர் ஒருவர், “உன் வரிசை நிறையட்டும், தம்பி” என்று சொல்லி, 12 அணாத் தலையைக் கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொடுத்தார். சில மாதங்களில் எனக்குப் பணமுடை வந்தது. ஒரு கண்காட்சியில் அதை வியாபாரியிடம் இருமடங்கு விலைக்குத் தள்ளிவிட்டேன். செய்தி அவருக்கு எட்டியது. “பணம் வேண்டுமென்று சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேனே, தம்பி” என்றார் தொலைபேசியில். குரலில் கோபமே இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த அவருடைய அழைப்பு அதன்பின் வரவில்லை.

அவர் குறைத்த தொகை வியாபாரத் தள்ளுபடி அன்று. என் ஆல்பத்துக்கு அவர் அளித்த கொடை. அந்தக் கொடையைத்தான் நான் காசாக்கினேன் என்பது பிறகே விளங்கிற்று.

ஆகவே நாம் கைக்கொள்ளத்தக்க முறைகள் எளியவை. நண்பர் விலைக்குப் பெற்றதை விற்க நேர்ந்தால், முதலில் கொடுத்தவரிடமே கேட்க வேண்டும். அவர் விரும்பினால் வாங்கிய விலைக்கே திருப்பித் தருவது முறை. “உன் விருப்பம்” என்று அவர் சொல்லிவிட்டால், தயங்காமல் சந்தை விலைக்கு விற்கலாம். முழு விலை கொடுத்து வாங்கியதற்கு இந்தக் கடன் இல்லை. அடுத்து வாங்குபவரிடம் கிழிசலையும் ஒட்டையும் புதிதாய்ப் பூசிய கோந்தையும் மறைக்கக் கூடாது. காந்தி தலைகளில் போலிகள் மிகுதியாதலால், ஐயமிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. “நீ வைத்துக்கொள்வதானால் இந்த விலை” என்று முன்னரே சொல்லிவிடுவது நன்று. அந்த ஒரு சொல் அன்று எங்களிடையே இருந்திருந்தால், நான் விற்குமுன் அவரை ஒருமுறை அழைத்திருப்பேன்.