நொண்டும் குதிரைக்குக் கத்தியா, லாயமா?

பண்டாரவளையிலிருந்து வெலிமடை, ஹக்கல வழியாக ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஏறுகிறவர்கள் அங்கே இரண்டு வகைக் குதிரைகளைப் பார்க்கலாம். ஒன்று பந்தயத் திடலில் ஓடும். மற்றது கிரகரி வாவிப் பக்கம் பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். அடுத்த முறை போனால் அதன் காலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். முன்கால் நோகும் குதிரை அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும், நல்ல காலை ஊன்றும்போது தாழ்த்தும். நோகும் இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அது.

துரைமார் குதிரையேறி மலை பார்த்த காலத்தில், ஊவாத் தோட்டங்களில் இதைக் கவனிப்பது குதிரைக்காரரின் வேலை. குதிரைக்கு லாயம், கொழுந்து பறித்தவருக்கு லயம். எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். வசதியில் எது மேல் என்பதைத் தாத்தாமாரிடம் கேட்க வேண்டும்.

குதிரையின் குளம்பு என்பது நம் நடுவிரல் நகத்துக்குச் சமமான உறுப்பு. நான்கு விரல் நுனிகளில் 400, 500 கிலோ நிற்கிறது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்கால்களில். முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். அடிபட்டால் தாங்கிக்கொள்ளச் சதை இல்லை, ஆறுவதற்கு இரத்த ஓட்டமும் குறைவு.

ஆகவே வெட்டுவதா விடுவதா என்று கேட்பதற்கு முன், நோவு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் குளம்பைப் பார்ப்பார்கள். நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று காலைத் தரையில் வைக்கவே மறுத்தால் எலும்பு முறிந்துவிட்டதோ என்று வீடே பதறும். பல நேரம் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். லாட ஆணி தவறி இறங்கியிருக்கலாம், கல் குத்தியிருக்கலாம். திறந்து சீழை வடித்துக் கட்டுப்போட்டால் சில நாளில் நடக்கும். அங்கே இல்லையென்றால், கீழிருந்து மேலாக நரம்புகளை ஒவ்வொன்றாக ஊசியால் மரக்கச் செய்வார் மிருக வைத்தியர். எந்த ஊசியோடு நொண்டல் நிற்கிறதோ, அந்த இடத்தை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்க்கும்.

தசைநாண் கிழிந்திருந்தால் பெரும்பாலும் ஓய்வுதான் வைத்தியம். ஆனால் ஓய்வு என்றால் புல்வெளியில் அவிழ்த்துவிடுவதல்ல. முதலில் லாயத்துக்குள் நிறுத்தி, பிறகு கயிற்றைப் பிடித்துச் சில நிமிட நடை, வாரங்கள் போகப் போக இன்னும் கொஞ்சம். 9 முதல் 12 மாதம் இப்படிப் போகும். வம்பு எங்கே என்றால், நோவு சில வாரத்திலேயே அடங்கிவிடும். குதிரை நொண்டுவதில்லை, நாண் ஆறவும் இல்லை. அந்த இடைவெளியில் சேணம் போட்டவர்கள்தான் இரண்டாம் கிழிசலைப் பார்க்கிறார்கள். வலிமருந்து கொடுத்து ஓட்டுவதும் அதே கணக்குத்தான், இன்னும் கேவலமான கணக்கு.

மூட்டுக்குள் எலும்புச் சில்லு கிடந்தால் நிலைமை வேறு. காத்திருக்கக் காத்திருக்க அது குருத்தெலும்பை அரைக்கும். சிறு துளையிட்டு எடுத்துவிடுவது நல்லது. கணுவுக்கு மேல் எலும்பு நேராக விரிசல் விட்டாலும் திருகாணி போட்டு இறுக்கலாம். ஆனால் மயக்கமே ஆபத்து. வேறு நோயில்லாத குதிரைகளிலும் முழு மயக்கத்தை ஒட்டி நூற்றுக்கு ஒன்று இறப்பதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. தப்பியோடிப் பிழைத்த மிருகம் அது. கண் விழித்ததும் எழுந்து நிற்கத் துடிக்கும், இறுக்கிய எலும்பையே மறுபடி முறித்துக்கொள்ளவும் கூடும்.

அமெரிக்காவின் பார்பரோ என்ற குதிரை 2006 மே 20 அன்று பந்தயத்தில் வலது பின்காலை இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக முறித்துக்கொண்டது. பென்சில்வேனியப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் தகடும் திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார்கள். முறிவு பெரும்பாலும் கூடியது. ஆனால் பாரம் முழுவதையும் சுமந்த இடது பின்காலில், குளம்பை எலும்போடு பிடித்திருக்கும் மெல்லிய மடிப்புகள் நைந்து பிரிந்தன. பிறகு முன்கால்களும் போயின. 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை. முறிந்த காலைவிட முறியாத மூன்று கால்களைப் பற்றியே வைத்தியர் அதிகம் கவலைப்படுவது இதனால்தான்.

நமது மலையில் இன்னொரு கேள்வியும் சேரும். மிருக வைத்திய பீடம் இருப்பது பேராதனையில். நுவரெலியாவிலிருந்து லொறியில் ஏற்றி றம்பொடை வளைவுகளில் இறக்கும்போது, உடைந்த காலோடு நிற்கும் குதிரை ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து நிமிர வேண்டும். கட்டுப்போட்டு, மட்டை வைத்து அசையாமல் செய்த பிறகே அந்தப் பயணத்தை நினைக்கலாம்.

செலவில் சத்திரசிகிச்சைதான் பெரிது என்று தோன்றும். வாடகைக்குக் குதிரை நடத்துபவரைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார். மார்ச் மாதம் நாண் கிழிந்தால் இந்த ஏப்ரல் போய்விட்டது. பொறுமையாக நடத்தினால் அடுத்த ஏப்ரலுக்கு நடக்கும். அதுவரை பன்னிரண்டு மாதப் புல்லும் தவிடும் லாடமும் வேண்டும். வரும்படி ஒரு சதமும் இல்லை.