கொச்சியில் இல்லாத கோட்டை

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கி, "கோட்டை எங்கே?" என்று நாம் வினவினால், வடமேற்கே கைகாட்டுவார்கள். அத்திசையில் நடந்தால் பழைய மாளிகைகளையும், பிரான்சிஸ் தேவாலயத்தையும், பெரியதொரு மைதானத்தையும், கடலோரத்துச் சீன வலைகளையும் காண்கிறோம். ஊரின் பெயர் கோட்டைக் கொச்சி, கோட்டையைத்தான் காணோம்.

கோட்டை ஒன்று இருந்தது உண்மையே. 1503ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் படையெடுப்பால் கொச்சி மன்னர் வைப்பின் தீவில் அடைக்கலம் புகுந்திருந்தார். போர்த்துக்கீசியத் தளபதி பிரான்சிஸ்கோ டி அல்புகெர்க்கு கப்பல்களுடன் வந்து அவரை மீட்டார். அவ்வுதவிக்குக் கைம்மாறாகக் கோட்டை கட்ட இடம் கிடைத்தது. ஐரோப்பியர் இந்திய மண்ணில் எழுப்பிய முதற்கோட்டை இதுவே. ஆயினும் அது முதலில் கற்கோட்டையன்று! தென்னை மரங்களை இரு வரிசையாக நட்டு, இடையே மண்ணைக் கொட்டி நிரப்பினர். போர்த்துக்கீசிய மன்னர் மானுவேலின் நினைவாக அதற்குப் பெயரிட்டனர். கல்லும் சாந்தும் பின்னரே வந்தன.

1663இல் டச்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். காக்க வேண்டிய மதில் நீளமாயிருப்பது அவர்களுக்குப் பாரமாகத் தோன்றிற்று போலும். கோட்டையைப் பெரிதும் சுருக்கிவிட்டனர். வெளியே விடப்பட்ட வீடுகள் பல இடிக்கப்பட்டன. கொத்தளங்களுள் ஒன்றின் பெயர் ஸ்ட்ரோம்பர்க். அங்கே 1667இல் எழுந்த பங்களா 'பாஸ்டியன் பங்களா' என்ற பெயருடன் இன்றும் நிற்கிறது. கோட்டையின் வடிவை ஒருவாறு ஊகிக்க நமக்கு வாய்த்த பெருஞ்சான்று அதுதான்.

1795இல் கொச்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806இல் அவர்கள் வெடிமருந்து வைத்து மதில்களைத் தகர்த்தனர். முந்நூறு ஆண்டுகள் நின்ற கோட்டை அத்துடன் மறைந்தது. நாடு பிடிக்க வந்தவர்கள் கட்டினார்கள், குறுக்கினார்கள், தகர்த்தார்கள். மூன்றையும் கொச்சி மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எஞ்சியவற்றைத் தேடுவோர் ஒன்றில் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். கடற்கரையிலே துருப்பிடித்துக் கிடக்கும் பெரிய இரும்பு உருளைகளைக் கோட்டைப் பீரங்கிகளோ என்று மயங்குவது எளிது. அவை நீராவிக் கொதிகலன்கள். கோட்டை தகர்ந்தபின் வந்த காலத்தவை. கோட்டைக்குரிய எச்சங்களோ தரையோடு தரையாகவும் மணலுக்கடியிலும் கிடக்கின்றன. அலை மணலை அரித்துச் செல்லும் நாட்களில், நீர் வற்றும் வேளையில், பழைய அடித்தளத்தின் கற்கள் சில கரையில் தலைகாட்டுவதுண்டு. மணல் திரும்பியதும் அவை மீண்டும் மறைந்துவிடும்.