டப்பா காலி, தவணை பாக்கி! உடம்பு ஏன் இளைக்க மாட்டேங்குது?



நம்ம பஞ்சாயத்தில் ஒரு குழுவில் நடந்தது இது. பெயர் வேண்டாம், அவர் நம்மில் ஒருவர். வயது 42. எடை 72 கிலோ. மூன்று வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். "உடம்பைக் குறைக்கணும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாரோ சொன்னார்கள் என்று உள்கடனில் 4,000 ரூபாய் எடுத்து, இளைக்கிற பவுடர் ஒரு டப்பா வாங்கினார். காலையில் இட்லியை விட்டுவிட்டுப் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். பத்தாவது நாள் பஸ் ஸ்டாப்பில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயங்கி விழுந்தார். நல்ல வேளை, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு கூட்டத்தில் அவர் சொன்னது: "டப்பா காலியாகி மாசக்கணக்காச்சு, தவணை இன்னும் முடியல. நான் ஒரு வேளைதான் சோறு சாப்பிடுறேன். அப்புறம் ஏன் இளைக்க மாட்டேங்குது?"

இந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை. நம்மில் பல பேர் மனதில் இருப்பது. அதற்கான பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இன்சுலின் என்றால் என்ன?

நம் வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது சுரக்கும் ஒரு ஹார்மோன்தான் இன்சுலின். இதன் வேலையைப் புரிந்துகொள்ள நம் குழுக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

கூட்டத்தில் சந்தா, தவணை எல்லாம் வசூலாகிறது. ஊக்குநர் எண்ணி வாங்குகிறார். அவசரத் தேவை உள்ளவருக்கு உடனே உள்கடன் கொடுக்கிறார். கொஞ்சம் பணம் கையிருப்பாகப் பெட்டியில் இருக்கும். மீதியை வங்கியில் கட்டிவிடுகிறார்.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் வயிற்றில் செரித்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேருகிறது. இது வசூல். இன்சுலின்தான் ஊக்குநர். அது குளுக்கோஸைத் தசைகளுக்குக் கொடுத்து வேலை செய்ய வைக்கிறது. கொஞ்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் கையிருப்பாக வைக்கிறது. அந்தப் பெட்டி சின்னது, சீக்கிரம் நிறைந்துவிடும். அதற்கும் மேல் மிஞ்சுவது கொழுப்பாகிறது. கொழுப்புதான் வங்கி இருப்பு. வயிறு, இடுப்பு, தொடை எல்லாம் அந்த வங்கியின் கிளைகள்!

வசூல் நடக்கும் நேரத்தில் யாரும் வங்கியில் பணம் எடுக்கப் போவதில்லை அல்லவா? அதுபோல, இரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருக்கும்போது கொழுப்பு கரைவது குறைந்துவிடும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து இன்சுலின் இறங்கிய பிறகுதான் உடம்பு வங்கியைத் திறந்து கொழுப்பை எடுத்துச் செலவு செய்யும்.

இதனால் இன்சுலினை எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். இன்சுலின் சுரக்காத குழந்தைகள் எவ்வளவு சாப்பிட்டாலும் எலும்பும் தோலுமாகி இறந்துபோன காலம் ஒன்று இருந்தது. 1921-ல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போடப்பட்டது. அன்று முதல் கோடிக்கணக்கானவர்களின் உயிரைக் காப்பது இந்த இன்சுலின்தான்.

சிக்கல் எங்கே வருகிறது?

ஊக்குநர் ஒரு குரல் கொடுத்தால் உறுப்பினர்கள் வரவேண்டும். வராவிட்டால் மூன்று குரல், நான்கு குரல் கொடுக்க வேண்டியிருக்கும். தசையும் கல்லீரலும் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போவதை டாக்டர்கள் 'இன்சுலின் எதிர்ப்பு' என்கிறார்கள். உடனே கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. வருடக்கணக்கில் இப்படிக் கத்திக் கத்தி ஒருநாள் கணையம் களைத்துவிடுகிறது. அப்போதுதான் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதாவது சர்க்கரை நோய் ஒரே நாளில் வருவதில்லை. பல வருடம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

இந்த எதிர்ப்பு வருவதற்கு முக்கியக் காரணம் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு. நம் நாட்டுக்காரர்களுக்கு இது ஒரு தனிப் பிரச்சினை. 2004-ல் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் இருவர் உடம்பையும் ஒப்பிட்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம். ஆனால் வெள்ளைக்காரருக்கு உடம்பில் 9 சதவீதம்தான் கொழுப்பு. நம்மவருக்கு 21 சதவீதம்! கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிறு மட்டும் முன்னால் வருவது நம்மில் பலருக்கு உண்டு. "நான் ஒல்லிதானே" என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

வெளியே தெரியும் அறிகுறிகள்:

* பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு, அதாவது சுமார் முப்பத்தொன்றரை அங்குலத்துக்கு மேல் போவது.
* கழுத்தின் பின்பக்கம், அக்குளில் தோல் கறுத்துத் தடிப்பது. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்போம். அது அழுக்கு இல்லை, போகாது.
* மாதவிலக்கு தள்ளிப் போவது, சினைப்பையில் நீர்க்கட்டி.
* கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பிறகு மறைந்துபோனது. இவர்கள் வருடம் ஒருமுறை கட்டாயம் சோதிக்க வேண்டும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்.

வளர்சிதை மாற்றம்

இது பெரிய வார்த்தையாகத் தெரியும். உடம்பின் வரவு செலவுதான் அது. நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, மூளை வேலை செய்கிறது. பலருக்கு ஒருநாள் செலவில் பாதிக்கும் மேல் இந்தக் கட்டாயச் செலவுக்கே போய்விடும். தசை அதிகம் உள்ள உடம்புக்கு இந்தச் செலவு கூடுதல். தசை குறைந்தால் செலவும் குறையும்.

பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? முதல் வாரம் எடை சட்டென்று இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீரும் கையிருப்புச் சர்க்கரையும்தான். தொடர்ந்து பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். உடம்பு கட்டாயச் செலவையும் சுருக்கிக்கொள்ளும். பசியோ அதிகமாகும். பிறகு பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் போன எடை திரும்பி வரும்; ஆனால் தசையாக அல்ல, பெரும்பாலும் கொழுப்பாக. பவுடர், பட்டினி எல்லாம் கடைசியில் ஏமாற்றத்தில் முடிவது இதனால்தான்.

கணக்கில் வராத வரவு

இப்போது நம் சகோதரியின் கேள்விக்கு வருவோம். ஒரு வேளைதான் சோறு. சரி. அவர் ஒரு நாளில் வாயில் போட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம். நான்கு டீ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. டீயோடு இரண்டு பிஸ்கட். மகன் தட்டில் மிச்சம் வைத்த தோசை. "வீணாப் போகுதேன்னு சாப்பிட்டேன்." சீரியல் பார்க்கும்போது முறுக்கு. இராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்கு மீதியிருந்த சோறு முழுவதும்.

டீயை மட்டும் கணக்குப் பார்ப்போம். 4 டீ, 8 ஸ்பூன், சுமார் 40 கிராம் சர்க்கரை. ஒரு கிராமுக்கு 4 கலோரி, ஆக 160 கலோரி. அரை மணி நேரம் வேகமாக நடந்து நாம் செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மாதத்துக்கு 1,200 கிராம் சர்க்கரை! போதாக்குறைக்கு, காலையிலிருந்து இராத்திரி வரை வசூல் நின்றபாடில்லை. ஊக்குநருக்கு ஓய்வும் இல்லை, வங்கி திறக்க நேரமும் இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். இன்சுலினை இறக்கிவிட்டால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வது தவறு. செலவைவிட வரவு அதிகமானால் வங்கி இருப்பு ஏறத்தான் செய்யும். எவ்வளவு சாப்பிடுகிறோம், எதைச் சாப்பிடுகிறோம், எத்தனை தடவை சாப்பிடுகிறோம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. தட்டைப் பிரியுங்கள். பாதித் தட்டு காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்குதான் சோறு. காயும் பருப்பும் முதலில், சோறு பிறகு. இப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

2. "கேழ்வரகு சாப்பிட்டா சுகர் வராது" என்று நம்பி இரண்டு சொம்பு கூழ் குடிக்காதீர்கள். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, நல்லதுதான். ஆனால் அதிலும் அரிசி அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. அளவு முக்கியம்.

3. டீயில் சர்க்கரையை வாரம் அரை ஸ்பூனாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும். வெல்லம், கருப்பட்டி போட்டாலும் உடம்புக்கு அது சர்க்கரைதான்.

4. இராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே முடியுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நாம் என்ற பழக்கத்தை மாற்றி, வீட்டாரோடு சேர்ந்தே உட்காருங்கள். மிச்சம் நம் வயிற்றுக்குப் போக வேண்டியதில்லை. ஆட்டுக்கும் கோழிக்கும் போகட்டும்.

5. சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலினின் குரலுக்குக் காத்திராமல் தானே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். "நாங்க காடு கழனியில வேலை பார்க்கிறவங்கதானே" என்பீர்கள். வேலை உள்ள நாளில் சரி. வேலை இல்லாத நாட்களில்? மாவரைப்பது கிரைண்டர், துவைப்பது மெஷின் என்று ஆகிவிட்டதே!

6. நன்றாகத் தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும், இன்சுலின் எதிர்ப்பும் கூடும்.

பத்து இருபது கிலோ இறங்க வேண்டும் என்பதில்லை. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோயின் வாசற்படியில் இருந்தவர்களுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. அதிலும் உணவு, நடை மாற்றத்தால் மட்டுமே 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 70 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோதான். மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ இறங்கினாலே போதும். இடையில் சில வாரம் எடை அசையாமல் நிற்கும். உடம்பு சிறியதானால் அதன் செலவும் குறையும் என்பதால் அப்படி. மனம் தளர வேண்டாம்.

கவனம்! கவனம்!

சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள், இன்சுலின் ஊசி போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளிப்போடவோ, விரதம் இருக்கவோ, மருந்தை நிறுத்தவோ கூடாது. சில மாத்திரைகளும் ஊசியும் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். நம் சகோதரி விழுந்தது இதனால்தான். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். தெளிந்த பிறகு சாப்பாடு சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இளைக்க முயற்சி செய்யக் கூடாது. எப்போதும் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இவற்றோடு எடை ஏறினால் தைராய்டு சோதனை செய்யுங்கள்.

30 வயது தாண்டிய எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர்களில் நம் குழுப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்.

நம் சகோதரி இப்போது எப்படி இருக்கிறார்? டாக்டரிடம் பேசி மாத்திரை அளவைச் சரிசெய்துகொண்டார். ஆறு மாதத்தில் 72 கிலோ 68 ஆனது. இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தது. பவுடர் கடனில் கடைசித் தவணையையும் கட்டிவிட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு வேலை செய்வோமா? தையல் தெரிந்த உறுப்பினர் இஞ்ச் டேப் கொண்டு வரட்டும். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் எல்லோருக்கும் அளந்து, அவரவர் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்போம். சேமிப்பு இருப்பு ஏறட்டும், இடுப்பு இருப்பு இறங்கட்டும்!